இரண்டு தடவை பதிந்தவள்

ராக்காயி மூன்றாவது தடவையாக வந்து நின்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பாவம் என்றெல்லாம் தோன்றவில்லை. ஹட்டனில் நாலு நாளாக விடாத தூறல். காலையிலிருந்து இரண்டு தடவை கரண்ட் போய் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்ப இருபது நிமிஷம் ஆகும். வெளியே வராந்தாவில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் கேட்க வந்தது ஒரே கேள்விதான்: எங்கள் பைல் இருக்கிறதா, இல்லையா?

எண்பத்தெட்டாம் வருஷம் அது. பிரஜாவுரிமை இல்லாமல் மிச்சமிருந்த தோட்டத்து ஜனங்களின் விண்ணப்பங்களை வாங்கிப் பதிந்து வைப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. ஜூன் முப்பதோடு கடைசித் தேதி போய்விட்டது. அதற்குள் பதிந்தவர்களுக்குச் சான்றிதழ் வரும். பதியாதவர்களின் பட்டியல் மேலிடத்துக்குப் போகும், அதோடு அவர்கள் கதை முடிந்தது. வெளிநாட்டு உதவியில் வந்த ஒரு கம்ப்யூட்டரை மேல் மாடியில், முன்பு தேயிலைச் சாம்பிள் அடுக்கியிருந்த அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கோயிலுக்குள்கூட எங்கள் ஆட்கள் அவ்வளவு பயபக்தியோடு போனதில்லை.

அந்த அறைக்கு நான்தான் பூசாரி. பெயர் பெற்றீசியா. தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் தேயிலை வறுத்த சூசைரட்ணத்தின் மகள். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து ஒன்பது நாள் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். பத்தாம் நாளிலிருந்து எல்லாம் என் தலையில்.

"மிஸ், இன்னொருக்கா பாருங்க" என்றாள் ராக்காயி.

அவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். டயகமவிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. துணைக்கு, அவளுடைய லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பரா அறையில் இருக்கிற மீனம்மாவைக் கூட்டி வந்திருந்தாள். துணை என்றுதான் பெயர். மீனம்மா கையைக் கட்டிக்கொண்டு, இதெல்லாம் நடக்கிற காரியமா என்கிற முகத்தோடு நின்றாள்.

"அக்கா, போன மாசமும் பாத்தேன். அதுக்கு முந்தியும் பாத்தேன். இல்லன்னுதான் வந்துச்சு. நான் என்ன பண்ண?"

"இந்தத் தடவ எனக்காக இல்லங்க மிஸ். எம்மகன் செல்லசாமியப் புடிச்சு வச்சிருக்காங்க."

செல்லசாமி கினிகத்தேனையில் ஒரு கடையில் சாமான் கட்டுகிறவன். முதலாளிக்குச் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். அடையாள அட்டை இல்லை. பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு அட்டை எங்கிருந்து வரும்? இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். ஐந்து நாளாயிற்று. அந்தச் சாவடியின் பொறுப்பிலிருந்த பெரியவர் ஒருவர் இரக்கப்பட்டு, உங்கள் குடும்பம் விண்ணப்பம் பதிந்திருக்கிறது என்று அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுவா, விட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை காலைக்குள் வராவிட்டால் தெற்கே முகாமுக்கு அனுப்பிவிடுவார்களாம். அந்த வருஷங்களில் தெற்கே அனுப்பினால் ஆள் திரும்பி வரமாட்டான் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"போய்ப் பாத்தேன் மிஸ். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு அவனே கேட்டுட்டான். 'நீ நெசமாவே பதிஞ்சியாம்மா, இல்ல ஒருநாப் பேரு போயிரும்னு கொழுந்தெடுக்க மலைக்குப் போயிட்டியா'ன்னு. பெத்த புள்ள கேக்குறான்."

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அந்த நாள் சம்பளம் இல்லை. அதற்காக அவள் அலுவலகத்துக்குப் போகாமலே போனேன் என்று சொல்லிவிட்டாளோ என்று மகனுக்குச் சந்தேகம். லயத்தில் எல்லோருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மீனம்மாவின் முகத்திலேயே அது எழுதி ஒட்டியிருந்தது.

எனக்கும் அதே எண்ணம்தான், மறைப்பானேன். போன மாதம் அவள் வந்தபோது, "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்" என்று சொன்னவள் நான். சொன்னதோடு விடவில்லை. பைல் இல்லை என்று வந்தவர்கள் எல்லோரும் ஒரு படிவத்தில் கைநாட்டு வைக்க வேண்டும் என்று அப்போதுதான் புதிதாக மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. 'குறித்த தேதிக்குள் நான் விண்ணப்பிக்கவில்லை' என்று அதில் சிங்களத்தில் எழுதியிருக்கும். அன்றைக்குப் பியோன் லீவு. அதனால் ராக்காயியின் கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தியதும் நான்தான். கொழுந்துக் கறை ஏறிய விரல். ரேகை ஒழுங்காக விழவில்லை. நன்றாக விழட்டும் என்று இன்னொரு தடவை அழுத்தினேன்.

"வச்சா அடுத்த முறை பாப்பாங்களா மிஸ்?" என்று அப்போது கேட்டாள். பார்ப்பாங்க என்றேன். அப்படி ஒரு அடுத்த முறை இல்லை என்று எனக்குத் தெரியும். வரிசை நீளமாக இருந்தது.

இப்போது அவள் மார்புக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதிலிருந்து இரண்டு துண்டுகளை வாசலோரத்து மேசையில் வைத்தாள். விண்ணப்பம் வாங்கும்போது கீழே கொடுக்கிற ரசீதுத் துண்டு. அதில் தேதியும் முத்திரையும் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. அதனால் அதை யாரும் ஒரு சாட்சியாக மதிப்பதில்லை. ஒன்றில் மே பன்னிரண்டு, மற்றதில் ஜூன் ஒன்பது.

"ரெண்டு எதுக்கு?"

"ஒன்னு தொலைஞ்சா ஒன்னு இருக்கட்டும்னுதான். எங்க மாமனாரு அந்தக் காலத்துல ஒரே தடவதான் குடுத்தாரு. அதக் காணோம்னுட்டாங்க. இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டாங்க. அதுலேர்ந்து எங்க வீட்டுல எதக் குடுத்தாலும் ரெண்டாக் குடுக்கிறது. வேற வேற நாளா, வேற வேற ஆளுகிட்ட."

மீனம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நாங்க ஒரே தடவதான் பதிஞ்சோம். எங்களுக்கு இருக்குன்னு வந்துச்சே. அதென்ன ரெண்டு தடவ பதிஞ்சவளுக்கு இல்லன்னு வரும்? பதிஞ்சிருந்தா இருக்கும்ல."

அவள் குத்தலாகத்தான் சொன்னாள். நான் இரண்டு துண்டையும் அருகருகே வைத்துத் திரும்பப் பார்த்தேன்.

எங்கள் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு கோப்பு. கோப்புக்குப் பதினாலு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க அந்தப் பெட்டி விடாது. ஆகவே தோட்டத்துக்கு மூன்று எழுத்து, லயத்துக்கு இரண்டு எண், காம்பராவுக்கு இரண்டு எண், கடைசியில் பதிந்த தேதி. கேட்டு வருகிறவர்களுக்கு லயமும் காம்பராவும் தெரியும். தேதி யாருக்கு நினைவிருக்கும்? அதனால் தேதி வருகிற இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுத் தேடும்படி நாலைந்து வரி கட்டளை எழுதி வைத்திருந்தேன். நட்சத்திரம் என்றால், அந்த இடத்தில் எது இருந்தாலும் சரி என்று அர்த்தம். அப்படி ஒரு கோப்பு இருந்தால் 'உண்டு' என்று அச்சடி, மற்றபடி 'இல்லை' என்று அச்சடி. அவ்வளவுதான். நானே சொந்தமாக எழுதியது. எழுதிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு கோப்பை வைத்துச் சோதித்தேன், 'உண்டு' என்றது. எதுவுமே வைக்காமல் சோதித்தேன், 'இல்லை' என்றது. இரண்டை வைத்துச் சோதிக்கவில்லை. ஒரு காரியத்துக்கு ஒருவர் இரண்டு தடவை ஏன் வரப்போகிறார்? வருவார்கள் என்று கொழும்பிலிருந்து வந்தவருக்குத் தெரியாது. லயத்தில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ராக்காயியின் எண்களைப் போட்டு, என் கட்டளையை விட்டுவிட்டு, அந்தப் பெயரில் தொடங்குகிற எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டு என்று தட்டினேன். பச்சை எழுத்தில் இரண்டு வரி வந்து நின்றது. ஒன்றில் மே பன்னிரண்டு, மற்றதில் ஜூன் ஒன்பது.

பிறகு என் கட்டளையைத் திறந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க விளங்கியது. நட்சத்திரம் இருக்கிற இடத்தில், பொருந்துகிற பெயர்கள் அத்தனையையும் பெட்டி கொண்டுவந்து நிரப்பிவிடுகிறது. ஆனால் 'இது இருக்கிறதா' என்று கேட்கிற வரிக்கு ஒரு பெயரைத்தான் பார்க்கத் தெரியும். இரண்டு பெயரைக் கொடுத்தால், எனக்கு விளங்கவில்லை என்று புலம்பிவிட்டு அப்படியே படுத்துவிடும். 'ஆம்' என்று சொல்லாத எதையும் நான் 'இல்லை' என்றுதானே எழுதச் சொல்லியிருந்தேன்? இல்லை என்று எழுதிவிட்டது. அதன் புலம்பலும் என் கண்ணில் பட்டதில்லை. அச்சில் நடுநடுவே அசிங்கமாக வருகிறது என்று, அப்படிப்பட்ட முறைப்பாடுகள் ஒன்றும் வெளியே தெரியாதபடி முதல் வாரமே நான் அடைத்துவிட்டிருந்தேன்.

ஒரு தடவை கொடுத்துவிட்டு நம்பி இருந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். பயந்து இரண்டு தடவை கொடுத்தவர்கள் எல்லோரும் இல்லாமல் போனார்கள்.

திருத்த ஏழெட்டு நிமிஷம்தான் எடுத்தது. கிடைத்த பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார், ஒன்றாவது இருந்தால் 'உண்டு' என்று சொல். அதை வைத்து 'இல்லை' பட்டியலில் இருந்த தொண்ணூற்றேழு குடும்பத்தையும் திரும்ப ஓட்டினேன். எட்டுக் குடும்பம்தான் உண்மையில் இல்லை. மிச்சம் எண்பத்தொன்பது பேரும் இருந்தார்கள், சிலர் மூன்று தடவைகூட. அழுகை வரவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். தலையை மேசையில் வைத்துத் தூங்கிவிடலாம் போல ஒரு களைப்பு.

"என்ன மிஸ், இல்லையா?" என்று ராக்காயி வாசலில் நின்று கேட்டாள். உள்ளே வரமாட்டாள்.

"இருக்குக்கா. ரெண்டும் இருக்கு."

அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வலது கட்டைவிரலை இடது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் கைநாட்டு வச்சதுங்க?"

அந்த நிமிஷம் வரைக்கும் அது எனக்கு நினைவில்லை.

தலைமைக் கிளார்க் பத்திநாதன் ஐயாவிடம் போனேன். கடிதம் கொடுப்பது, முத்திரை வைப்பது எல்லாம் அவர்தான். இன்னும் இரண்டு வருஷத்தில் பென்ஷன். தன் மேசையை விட்டு ஒரு குண்டூசி இடம் மாறினாலும் கணக்குக் கேட்கிற மனிதர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு பதிவேட்டைப் புரட்டி விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"ராக்காயி, டயகம. விண்ணப்பிக்கவில்லைன்னு கைநாட்டு. போன மாசக் கட்டோட மேலிடத்துக்கு ஜீப்புல போயிருச்சு. இப்ப நான் விண்ணப்பிச்சிருக்கான்னு கடுதாசி குடுத்தா, அவ சொன்னது பொய்யா, நான் சொல்றது பொய்யான்னு கேப்பாங்க."

"ரெண்டும் இல்லைங்கய்யா. தப்பு நான் எழுதின கட்டளையில."

"அத யாரு சொல்றது? மெசின் தப்பு பண்ணாதுன்னுதான் மேல சொல்லி வச்சிருக்காங்க. அத நம்பித்தான் தொண்ணூறு பேருகிட்ட கைநாட்டு வாங்கியிருக்கோம்."

"நான் சொல்றேன். எழுத்துல தாறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் எடுத்தார்.

"பெற்றீசியா, உனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல்ல. அப்பாவும் படுக்கையில இருக்காரு. 'தொழில்நுட்பக் கோளாறு'ன்னு பொதுவா எழுதிக்குவோம். பேரு வேணாம்."

எனக்கு ஆசை வராமல் இல்லை. பேர் இல்லாமல் ஒரு கோளாறு, யார் வீட்டுக்கும் போகாத ஒரு கோளாறு. நல்ல யோசனைதான். ஆனால் சாவடியில் உட்கார்ந்திருக்கிறவர் அதைப் படித்தால் என்ன நினைப்பார்? கைநாட்டு வைத்தவளுக்குப் பெயர் இருக்கிறது, விரல் இருக்கிறது. கோளாறுக்கு ஒன்றும் இல்லை. எதை நம்புவார்?

"பேரு இல்லாத கடுதாசிய யாருங்கய்யா நம்புவாங்க?"

அவர் ஒரு தாளை எடுத்து, நான் சொல்லச் சொல்ல அழகான சிங்களத்தில் எழுதினார். ராக்காயி இரண்டு தடவை விண்ணப்பம் பதிந்தாள், இன்ன தேதிகளில். அலுவலகம் இரண்டு தடவை இல்லை என்று சொன்னது. சொன்னது பிழை. பிழை செய்தவள் கம்ப்யூட்டர் இயக்குநர் செல்வி பெற்றீசியா. அந்தப் பிழையினால்தான் அவளிடம் கைநாட்டு வாங்கப்பட்டது. அவள் பொய் சொல்லவில்லை. என் பெயர் வந்த இடத்தில் பேனாவை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினார். நான் கையெழுத்திட்டேன். அவரும் கையெழுத்திட்டு முத்திரையை ஓங்கி வைத்தார். அந்த மாதக் கைநாட்டுக் கட்டு மூன்று மணி ஜீப்பில் போவதற்காகச் சணலால் கட்டி மேசையோரம் கிடந்தது. அதைக் காலால் மேசைக்கடியில் தள்ளிவிட்டார்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை விடியற்காலையிலேயே ராக்காயி அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை செல்லசாமியை விட்டார்கள். ஜீப்பில் போகாமல் நின்ற கைநாட்டுக் கட்டில் இருந்தவர்களை நாங்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சரி செய்தோம். ஏற்கெனவே போன கட்டில் இருந்தவர்களுக்காக நானும் ஐயாவும் எழுதிய கடிதங்களுக்கு, 'கைநாட்டு உண்டு, நடவடிக்கை இல்லை' என்றே பதில் வந்துகொண்டிருந்தது. அதில் ராக்காயியும் ஒருத்தி. அவளுக்குச் சான்றிதழ் வர இன்னும் நாலு வருஷம் எடுத்தது. என்னை அடுத்த மாதமே கீழே தட்டச்சு மேசைக்கு இறக்கிவிட்டார்கள். அதெல்லாம் பிறகு.

அன்றைக்குக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். வரிசை அப்படியே இருந்தது, தூறலும் அப்படியே இருந்தது. ராக்காயி கடிதத்தை வாங்கி, மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்குத் தமிழே வாசிக்க வராது.

"என்ன எழுதியிருக்குங்க மிஸ்?"

"ஒங்க மேல தப்பு இல்லன்னு எழுதியிருக்கு. பத்திரமா வச்சிக்கிடுங்க. மழையில நனைக்காதீங்க."

"வாசிச்சுக் காட்டுங்க."

நான் அவள் காதருகே குனிந்து, சிங்களத்தில் இருந்ததைத் தமிழில் மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன். முதல் வரி முடியவில்லை, அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்கு மட்டும் எதுக்குங்க மிஸ்? நான் பதிஞ்சது எனக்குத் தெரியும். இவளுக்குக் கேக்கணும்" என்று மீனம்மாவைக் காட்டினாள். பிறகு வரிசையைக் காட்டினாள். அதில் அவள் தோட்டத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "இவங்களுக்கும் கேக்கணும். சத்தமா வாசிங்க."

நான் நிமிர்ந்து நின்று முதலிலிருந்து வாசித்தேன். ராக்காயி இரண்டு தடவை பதிந்தாள் என்றபோது வரிசையில் பேச்சு நின்றது. மீனம்மா கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். அலுவலகம் சொன்னது பிழை என்பதையும் சத்தமாகத்தான் வாசித்தேன். பிழை செய்தவர் யார் என்ற வரிக்கு வந்தபோது என்னையறியாமல் குரல் இறங்கிவிட்டது.

ராக்காயி என் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை.

"அதையுந்தான் மிஸ்" என்றாள்.